பெட்டியை இறுக மூடிவிட்டு வாருங்கள்

கனெக்டிகட்டிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் பெட்டி தேடப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



காட்டில் ஒளித்துவைத்திருக்கும் லெட்டர்பாக்ஸ் குறிப்பேடுகளில் இப்போதெல்லாம் தமிழ் எழுத்து தென்படுகிறது. ஒரு பக்கத்தில் சிக்குக்கோலம் ஒன்று முத்திரையாகப் பதிந்திருந்தது. கீழே ஒரு குழந்தை தன் பெயரைப் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தது. இன்னொரு பெட்டியில், 'பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறாள். இங்கே வரை நடந்தே வந்தாள்' என்று ஒரு வரி. மரத்தடியில் குனிந்து உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எழுதியவர்கள் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருப்பேன். தெரியாததால் எல்லோருக்குமாக இந்த மடல்.

எழுதக் காரணமும் இருக்கிறது. சென்ற வசந்தத்தில் நான் திறந்த ஒரு பெட்டியின் மூடி ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டியிருந்தது. பனிக்காலம் முழுக்க உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. குறிப்பேடு கூழாகிவிட்டது. பல வருஷத்துப் பெயர்களும் தேதிகளும் சேர்ந்து ஒரே நீலக் கறை. யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து செதுக்கியிருக்கக்கூடிய முத்திரையின் ரப்பர், மரக்கட்டையை விட்டுக் கழன்று பூஞ்சை பிடித்துக் கிடந்தது. கடைசியாகத் திறந்தவர் யார் என்று தேடிப் பயனில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெட்டியைக் கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. எடுத்த இடத்திலேயே, எடுத்தபோது இருந்ததைவிடப் பத்திரமாக, முகம் தெரியாத அடுத்தவருக்காகத் திரும்ப ஒளித்துவைப்பதுதான் முக்கியம்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெட்டர்பாக்ஸ் என்பது நான்கு பக்கமும் பூட்டும் சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஜிப்லாக் பையில் கையால் செதுக்கிய ஒரு ரப்பர் முத்திரை, ஒரு குறிப்பேடு, சில சமயம் ஒரு ஸ்டாம்ப் பேட். நம் முத்திரை, நம் நோட்டு, நம் மை மூன்றையும் நாம் கொண்டுபோக வேண்டும். நம் முத்திரையை அவர்கள் குறிப்பேட்டில் பதிக்கிறோம், அவர்கள் முத்திரையை நம் நோட்டில் பதித்துக்கொள்கிறோம். தேதி, ஒரு வரி, கையெழுத்து. எதையும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வாரத்தில் மற்ற நாளெல்லாம் மதிப்பெண்ணோடு வாழ்கிற பிள்ளைகள் அவர்கள்.

இது எங்கே தொடங்கியது என்று தெரிந்தால், மூடியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்பதும் புரியும். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. கருங்கல் குன்றுகள், கால் புதையும் கரிச்சேற்றுச் சதுப்பு, நினைத்த நேரத்தில் இறங்கிவிடும் மூடுபனி. அதன் வடபகுதியில், எந்தப் பாதையும் எளிதில் எட்டாத இடத்தில் கிரான்மியர் பூல் என்றொரு பள்ளம். பெயரில்தான் குளம், உள்ளே தண்ணீர் நிற்பதில்லை. சாக்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, ஆட்களை அங்கே அழைத்துப் போவதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். 1854-இல் அவர் அந்தப் பள்ளத்தில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்தார். அவ்வளவு சிரமப்பட்டு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு வழக்கம் கொஞ்சம் மாறியது. வருகிறவர்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய அட்டையை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய், ஊருக்குள் இறங்கியதும் தபாலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் இப்படி வந்ததுதான். அடுத்தவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கோ, ஒரு மாதம் கழித்தோ. வருகிறவர் அட்டையைக் கீழே கொண்டுபோவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இருந்தும் ஜனங்கள் வைத்தார்கள், வந்தவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1905-இல் அங்கே வருகையாளர் ஏடு வந்தது. 1937-இல் வெஸ்டர்ன் மார்னிங் நியூஸ் என்ற செய்தித்தாள் வாசகர்களிடம் பணம் திரட்டி நிலையான ஒரு பெட்டியையே கட்டிக்கொடுத்தது. மறு ஆண்டு, டார்ட்மூரை அடி அடியாக நடந்து எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக, தென்பகுதியில் டக்ஸ் பூல் என்ற இடத்தில் இன்னொன்று. 1970-களின் நடுப்பகுதிவரைகூடப் பெட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நூறு பெட்டி கண்டவர்களுக்கென்று ஒரு குழுவும் இருக்கிறது.

அமெரிக்காவுக்கு இது பரவியதற்கு ஸ்மித்சோனியன் இதழ் 1998 ஏப்ரலில் வெளியிட்ட ஒரு கட்டுரை பெரிய காரணம். அதைப் படித்துவிட்டு ஆங்காங்கே சிலர் ரப்பர் செதுக்க உட்கார்ந்தார்கள். டார்ட்மூரில் திறந்தவெளி, பாறை இடுக்கில் பெட்டி. இங்கே காடு, மரத்தின் வேரடியில் பெட்டி. நியூ இங்கிலாந்துக் காடுகள் இதற்கென்றே அமைந்தவை என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் இவை பழைய காடுகள் இல்லை. கனெக்டிகட்டில் எந்தக் காட்டுக்குள் நடந்தாலும் இடுப்புயரக் கல்சுவர் ஒன்று மரங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். காட்டுக்குள் சுவர் எதற்கு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நிலத்தில் பெரும்பகுதி மரமில்லாத வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. உழும்போதெல்லாம் மண்ணுக்குள்ளிருந்து கல் மேலே வரும். அதைப் பொறுக்கி வரப்போரம் அடுக்கியதுதான் அந்தச் சுவர். பிறகு ஒஹாயோவில் கல்லில்லாத மண் கிடைக்கிறது என்று குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிட்டார்கள். மில் வேலைக்குப் போனவர்கள் மீதி. விட்டுப்போன வயலில் ஓக்கும் மேப்பிளும் தானாக முளைத்து மூடிக்கொண்டன. பெட்டி தேடிப் போகும் வழியில் சதுரமாக ஒரு பள்ளம் தெரிந்தால், அது ஒரு வீட்டின் நிலவறையாக இருந்திருக்கும். பக்கத்தில் லைலாக் செடி நின்றால் சந்தேகமே வேண்டாம். வாசலில் யாரோ ஒருத்தி நட்டது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம், பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களின் வாசலில் நிற்கிறோம். பெட்டி கிடைக்காமல் போன நாளில்கூட இந்தக் கதைக்காகவே அந்த நடை எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மரப்பொந்தில் காகிதம் ஒளிப்பதும் இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 1662-இல் அரசர் கொடுத்த உரிமைச் சாசனத்தைத் திரும்ப வாங்க 1687-இல் ஆளுநர் எட்மண்ட் ஆண்ட்ராஸ் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்தாராம். கூட்டம் நடந்த அறையில் மெழுகுவர்த்திகள் அணைந்தன. மறுபடி ஏற்றிப் பார்த்தால் சாசனத்தைக் காணோம். ஜோசப் வாட்ஸ்வொர்த் அதைக் கொண்டுபோய் ஒரு வெள்ளை ஓக்கின் பொந்தில் மறைத்துவிட்டார் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அந்த மரம் 1856-இல் புயலில் விழுந்தது. 1999-இல் வந்த கனெக்டிகட் கால் டாலர் நாணயத்தின் பின்பக்கம் இருப்பது அந்த மரம்தான். உங்கள் சில்லறையில் ஒன்று இருக்கலாம், பிள்ளைகளிடம் தேடச் சொல்லுங்கள்.

இனி தேடுவது பற்றி. முதல் முயற்சிக்கு மாநில வனத்துறையே வைத்திருக்கும் பெட்டிகள் நல்லவை. மொத்தம் 32 மாநிலக் காடுகள். பெட்டிக்கு வழி சொல்லும் துப்புத் தாளில் அந்தந்தக் காட்டின் வரலாறும் இருக்கும். ஐந்து பெட்டி கண்டுவிட்டு உங்கள் முத்திரை எப்படியிருக்கும் என்று தெரிவித்தால், குறிப்பேட்டோடு சரிபார்த்துத் துணிச்சின்னம் ஒன்று தருகிறார்கள். பல இடங்களில் நீலக் குறியிட்ட பாதை வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். மரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நீலப் பட்டை தெரிந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள். மேல்பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

துப்பு பெரும்பாலும் இப்படி முடியும்: இரட்டை ஓக்கிலிருந்து இத்தனை டிகிரியில் 20 காலடி. நம்மவர்கள் பலர் திண்டாடுவது இங்கேதான். கனெக்டிகட்டில் திசைகாட்டியின் முள் உண்மையான வடக்கைக் காட்டாது. சுமார் 13 டிகிரி மேற்கே தள்ளி நிற்கும். துப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முள் காட்டுவதைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் கைப்பேசி உண்மையான வடக்கைக் காட்டும்படி வைத்திருந்தால், 20 காலடி முடிவில் நாலைந்து காலடி தள்ளி வேறொரு மரத்தடியைக் கிளறிக்கொண்டிருப்பீர்கள். காலடியிலும் இரண்டு கணக்கு உண்டு. சிலர் ஒவ்வொரு எட்டையும் எண்ணுவார்கள். சிலர் வலதுகால் மறுபடி தரையில் படும்போது மட்டும் எண்ணுவார்கள். ஒன்று பொருந்தாவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். எண்ணுவது பெரியவர்களாக இருக்கட்டும். கண்ணை ஓடவிடுவது பிள்ளைகளாக இருக்கட்டும். அவர்கள் உயரத்துக்குத்தான் பெட்டி ஒளிந்திருக்கும் இடம் தெரியும்.

விழுந்து கிடக்கும் ஹெம்லாக் மரத்தின் அடியில், காற்றும் மழையும் அடுக்க முடியாதபடி மூன்று கல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு கல்லில் பாசி மேல்பக்கம் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கும். யாரோ புரட்டியிருக்கிறார்கள்! அந்தக் கல்லை எடுக்குமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எந்தக் கல் எதன்மேல் இருக்கிறது, மரப்பட்டை எப்படிச் சாய்ந்திருக்கிறது, சருகு எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது அதுதான் உங்களுக்கு வரைபடம். சந்துக்குள் வெறுங்கை விட வேண்டாம். ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். மெஷோமாசிக் போன்ற காடுகளில் கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது. சட்டம் அதைப் பாதுகாக்கிறது. நாமும் அதன் வழிக்குப் போகக் கூடாது. பழைய கல்சுவரிலிருந்து கல்லை உருவாதீர்கள். டார்ட்மூரில்கூடத் தொல்பொருள் சின்னங்களிலும் சுவர்களிலும் பெட்டி வைக்கக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

பெட்டியை எடுத்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து முத்திரை குத்தாமல், சற்றுத் தள்ளிப் போய் ஒரு பாறையில் விரியுங்கள். வழிப்போக்கர் பார்த்தாலும் ஒளிவிடம் தெரியாமல் இருக்கும். மழை தூறினால் குடைக்குள் திறவுங்கள், அல்லது திறக்காமலே வந்துவிடுங்கள். முத்திரை பதித்ததும் மை காயும்வரை ஊதக் குழந்தைகளை விடுங்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். முத்திரையில் ஒட்டியிருக்கும் மையைத் துடையுங்கள். பையிலிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி ஜிப்பை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் தடவுங்கள். மூடியின் நான்கு பக்கமும் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும், ஒவ்வொன்றாக. மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே பையின் நுனி மாட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். பிறகு கல், பட்டை, சருகு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியக் கூடாது.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து குடும்பம் சேர்ந்து, புளியோதரை கட்டிக்கொண்டு போவதில் உள்ள மகிழ்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் பதினைந்து பேர் ஒரே மரத்தைச் சுற்றி மிதித்தால், அதன் பிறகு அந்த இடத்தைத் தேட யாருக்கும் துப்பு வேண்டியதில்லை. மண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று பேராகப் போங்கள். மற்றவர்கள் பாதையிலேயே இருக்கட்டும். வேறு ஆட்கள் வந்தால் அவர்கள் கடந்து போகும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டு நில்லுங்கள்.

உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. உண்ணியால் பரவும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த ஊர் கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. 1970-களின் நடுவில், தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மூட்டு வீங்குவதைக் கவனித்து, விடாமல் மருத்துவர்களிடம் முறையிட்ட இரண்டு தாய்மார்களால்தான் அது தனி நோய் என்று தெரிய வந்தது. இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், காலுறைக்குள் பேண்டைச் செருகுங்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே காதோரம், அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உள்ளே போகும் என்பதால் அன்றிரவே பார்ப்பது பலன் தரும். மெல்லிய நுனியுள்ள சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்களும் காட்டில் இருப்பார்கள். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்று வாங்கிவிடுங்கள்.

முத்திரையைக் கடையில் வாங்காதீர்கள். சின்னக் குழந்தைக்கு வெண்டைக்காயை நறுக்கி மையில் தொட்டுப் பதிக்கக் கொடுங்கள். அச்சு என்றால் என்ன என்பது ஒரே நாளில் புரிந்துவிடும். அடுத்தது பெரிய அழிரப்பர். பென்சிலால் காகிதத்தில் வரைந்து, ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் தானே இடவலம் மாறி இறங்கும். அதை அப்படியே செதுக்கினால் பதிக்கும்போது நேராக வரும். கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். கோடுகளைத் தடிமனாக விடுங்கள்; ழகரத்தின் வால் மெலிந்தால் இரண்டாம் பதிப்பிலேயே உடைந்துவிடும். சொந்தப் பெயரைப் போட வேண்டாம். பெட்டிக்காரர்கள் ஆளுக்கொரு காட்டுப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். குழந்தையின் முழுப் பெயரும் ஊரும் பொது இடத்துக் குறிப்பேட்டில் இருக்கவும் வேண்டியதில்லை. கோலம், குருவி, மயிலிறகு, பாட்டி வீட்டுக் கதவு என்று உங்கள் முத்திரை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டட்டும். நான் பார்த்த அந்தச் சிக்குக்கோலத்தை நமக்கு முன்னும் பின்னும் வந்த எத்தனை பேர் விரலால் தடவிப் பார்த்திருப்பார்கள்!

நாமே ஒரு பெட்டி வைக்கலாமே என்று சிலருக்கு ஆசை வரும். வர வேண்டும். ஆனால் நம்மில் பலர் நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வேலைக்காக மாநிலம் மாறுகிறவர்கள். வைத்த பெட்டி இடம் மாறாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய்ப் பார்த்து, நிறைந்த குறிப்பேட்டை மாற்றி, விரிசல் விட்ட டப்பாவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி கேட்க வேண்டும். டெக்சாஸுக்கோ கலிபோர்னியாவுக்கோ கிளம்பும்போது இங்கேயே இருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். கவனிப்பாரற்ற பெட்டி வெறும் குப்பை. துப்பை நம்பி மூன்று மைல் நடந்து வந்த ஒரு குழந்தையின் ஏமாற்றமும் அதில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்த முறை கிளம்பும்போது பையில் இரண்டு ஜிப்லாக் பை, ஒரு பழைய துணி, ஒரு சின்ன நோட்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான பெட்டி கண்ணில் பட்டால், நீங்கள் வைத்ததோ வேறொருவர் வைத்ததோ என்று பார்க்காமல், துடைத்து, பையை மாற்றி, தாள் எழுத முடியாத நிலையில் இருந்தால் அந்தச் சின்ன நோட்டையும் உள்ளே வைத்து மூடுங்கள். பழைய குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அது பெட்டி வைத்தவருக்குச் சொந்தம். நிலைமையை அவருக்குத் தெரிவித்துவிடுங்கள், அவர் வந்து பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
கட்டெறும்பு
(குறிப்பேடுகளில் என் முத்திரையும் இதுவே)